மலையகத்தில் இருந்துகொண்டே நாடகத்துக்கும் திரைக்கும் அரங்கப் பொருட்கள் செய்து பிழைக்க முடியுமா?

தலவாக்கலைப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் படித்தவர். தமிழ்த் தினப் போட்டி நாடகங்களுக்குக் கிரீடமும் வாளும் கதாயுதமும் செய்து பழகியவர். மேடைக்கும் திரைக்கும் வேண்டிய பொருட்களைச் செய்து கொடுப்பதையே தொழிலாகக் கொள்ள முடியுமா, முடியுமென்றால் எதையெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டும், அதற்காகக் கொழும்புக்குப் போய்த்தான் ஆக வேண்டுமா என்பவை அவருடைய கேள்விகள். ஹட்டனில் இருந்துகொண்டு இருபது வருடங்களுக்கு மேலாக இந்த வேலையைச் செய்து வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

செய்யலாம் என்பதுதான் சுருக்கமான பதில். ஆனால் மலையகத்தில் இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துபவர் எவரையும் நான் கண்டதில்லை. என்னையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். என் வருமானத்தின் பெரும்பகுதி கோயில் திருவிழா அலங்காரங்களிலிருந்தும் பாடசாலை நாடகங்களிலிருந்தும் கண்காட்சிகளிலிருந்தும் வருகின்றது. தொலைக்காட்சி நாடகமோ குறும்படமோ விளம்பரப் படமோ வருடத்துக்குச் சில தடவைகள் வரும்; வரும்போது மூச்சுவிட நேரமிருக்காது, வராதபோது மாதக்கணக்கில் தொலைபேசி ஒலிக்காது. இதைத் தெரிந்துகொண்டு இறங்குபவர் நிலைத்து நிற்பார்.

வேலை எதுவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். நடிகர் கையில் எடுப்பது, வைப்பது, உடைப்பது, குடிப்பது, கிழிப்பது எல்லாம் நம்முடையவை. சுவரும் கதவும் காட்சியமைப்பாளருடையவை. சேலையும் தலைப்பாகையும் உடைக்காரருடையவை. குடை யாருடையது என்று ஒவ்வொரு குழுவிலும் சண்டை வரும். நான் எப்போதும் அதை ஏற்றுக்கொண்டு விடுவேன், ஏனென்றால் மழைநாட்டுக் கதையில் குடையைக் கெடுத்துவிட்டால் காட்சியே கெட்டுவிடும்.

ஒரு பொருளைச் செய்யச் சொல்லி எவர் வந்தாலும் நான் இரண்டு கேள்விகளைத்தான் முதலில் கேட்பேன். இதை யார் பிடிக்கப் போகிறார்? எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கப் போகிறார்கள்? பாடசாலையில் செய்து பழகியவர்கள் அநேகமாக மூன்றாவதாகக் கேட்க வேண்டிய “பார்க்க எப்படி இருக்க வேண்டும்?” என்பதை முதலில் கேட்டுவிடுகிறார்கள். பொருள் அழகாக வந்துவிடும். ஆனால் அதைப் பிடித்தவர் உடம்பில் அது இருப்பதே தெரியாது.

தேயிலைக் கொழுந்துக் கூடையை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பதடி தூரத்திலிருந்து பார்க்கும் மேடைக்கு உண்மையான பிரம்புக் கூடை தேவையில்லை. மெல்லிய மூங்கில் சட்டத்தில் சாக்குத்துணியைக் கட்டி, மேலே பச்சைத் துணித் துண்டுகளை ஒட்டிவிட்டால் எவருக்கும் வித்தியாசம் தெரியாது. நடிகைக்கும் அது இலேசாக இருக்கும், ஆடவும் வசதி. ஆனால் அப்படிச் செய்து கொடுத்த முதல் நாடகத்தில் அந்தப் பிள்ளை காலியான தொப்பியை மாட்டியவள் போல நிமிர்ந்து நடந்தாள். மழையில் நனைந்த கொழுந்து நிறைந்த கூடையைச் சுமப்பவரின் கழுத்து அப்படி நிற்காது. கயிறு நெற்றியில் அழுந்த, தாடை சற்று முன்னே வந்து, பார்வை பாதையில் மூன்றடி தள்ளி விழும். அடுத்த மேடையேற்றத்துக்குக் கூடையின் அடியில் ஒன்றரைக் கிலோ மணலைத் துணிப்பையில் கட்டி வைத்தேன். அதன் பிறகு நெறியாளர் அவளுக்கு எதையும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

கமராவுக்கென்றால் கதை வேறு. அங்கே பார்வை ஒரு சாண் தூரத்துக்கு வந்துவிடும். பழைய கூடையே வேண்டும், கயிறு கட்டிய இரண்டு இடங்களிலும் பிரம்பு தேய்ந்திருக்க வேண்டும், விளிம்பில் கொழுந்தின் சாறு பட்டுக் கறுத்திருக்க வேண்டும். புதுக் கூடையை வாங்கிப் பழுப்பு நிறத்தை முழுக்கப் பூசிவிட்டுப் பழையது என்று கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். கறை எங்கும் சமமாக இருக்காது. கைபடும் இடத்தில்தான் இருக்கும். எனவே நாம் செய்ய வேண்டியது பொருளை மட்டுமல்ல, அது பாவிக்கப்பட்ட விதத்தையும் சேர்த்து. மலையகத்தில் பிறந்தவருக்கு உள்ள மூலதனம் இதுவே. எந்தக் கருவி எந்த இடத்தில் தேயும், எந்தச் சட்டி எந்தப் பக்கம் கரிபிடிக்கும், மழைக்குத் தலையில் போர்த்தும் கொங்காணி எந்த மடிப்பில் கிழியும் என்பதையெல்லாம் நம் வீட்டுப் பெண்களைப் பார்த்து நாம் அறிந்திருக்கிறோம். கொழும்பிலிருந்து வரும் கலை இயக்குநர் அதைப் புகைப்படத்தில்தான் தேட வேண்டியிருக்கிறது. இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இன்றைய கதைக்கும் பிரம்புக் கூடையையே கேட்பார்கள், ஏனென்றால் தபால் அட்டையில் அப்படித்தான் இருக்கிறது. இன்று பல தோட்டங்களில் பையும் பிளாஸ்டிக் கூடையும்தான் தொங்குகின்றன. அதை மரியாதையாகச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் பிரம்புக் கூடையையே கொடுத்துவிட்டு வாருங்கள்.

பழைய காலக் கதைகள்தான் நமக்கு அதிகம் வருகின்றன. மலையக மக்கள் இந்தியாவிலிருந்து வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை ஒட்டி 2023இல் நடந்த நிகழ்வுகளின்போது பழைய பொருட்களுக்கு இருந்த தேவை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இந்த வகை வேலையில் கைத்திறனை விட ஆண்டுக் கணக்குத்தான் முக்கியம். எனக்கு நேர்ந்ததையே சொல்கிறேன். 1930களில் நடக்கும் நாடகம் ஒன்றுக்குக் கங்காணி கையில் கொடுப்பதற்கு ஒரு ‘துண்டு’ வேண்டும் என்றார்கள். துண்டு என்பது தொழிலாளியின் கடன் தீர்ந்தது அல்லது தீர்க்கப்பட்டால் விடுவிக்கப்படுவார் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. அது இல்லாமல் வேறு தோட்டம் அவரை ஏற்காது. நான் பழைய தாளில், பழைய எழுத்தில், மசிக்கறையுடன் மிக அழகாகச் செய்து கொடுத்தேன். நாடகம் முடிந்ததும் முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற கணக்குப்பிள்ளை ஒருவர் என்னை அழைத்து, “தம்பி, துண்டு 1921லேயே சட்டம் போட்டு ஒழிஞ்சு போச்சே, இவனுக்கு யார் எழுதிக் குடுத்தது?” என்று கேட்டார். பிரதியை எழுதியவரின் பிழைதான். ஆனால் அதைக் கையில் பிடித்துக் காட்டத்தக்க பொருளாக்கியவன் நான். அதன் பிறகு பிரதியில் ஆண்டு எழுதப்பட்டிருந்தால், பொருளைச் செய்யத் தொடங்கும் முன் அந்த ஆண்டில் அது இருந்ததா என்று பார்க்காமல் கத்தியைக் கையில் எடுப்பதில்லை.

இப்படியான பொறிகள் நிறைய உண்டு. மலையக மக்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1964 ஒக்டோபரில் கைச்சாத்தானது. அதே ஆண்டு டிசம்பரில் அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்து போனது. அதன் பிறகு தலைமன்னாரிலிருந்து கப்பல் இராமேஸ்வரத்துக்குத்தான் சென்றது. எனவே ஒப்பந்தத்தின் கீழ் திரும்பிச் சென்ற குடும்பத்தின் கையிலிருக்கும் பயணச்சீட்டிலோ தகரப் பெட்டியில் ஒட்டிய சீட்டிலோ தனுஷ்கோடி என்று இருந்தால் அது பிழை. நாட்டின் ஆங்கிலப் பெயர் 1972 மே மாதத்தில் சிலோனிலிருந்து ஸ்ரீலங்காவாக மாறியது. தமிழில் நாம் எப்போதும் இலங்கை என்றே எழுதி வந்ததால் தமிழ்ப் படிவங்களில் சிக்கலில்லை, ஆங்கில இரப்பர் முத்திரையில்தான் மாட்டிக்கொள்வோம். ஆனால் தேயிலைப் பெட்டியில் மட்டும் அந்த ஆண்டுக்குப் பிறகும் சிலோன் என்றே இருக்கலாம், தேயிலைக்கு இன்றும் அதுதான் பெயர். கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசில் கிலோ வந்தது மெற்றிக் முறைக்கு நாடு மாறிய பின்னரே. அதற்கு முந்திய காட்சியில் கணக்கு இறாத்தலில் இருக்க வேண்டும். ஐந்து சத நாணயம் அந்தக் காலத்தில் சதுரமாக இருந்தது. சம்பளக் காட்சியில் வட்ட நாணயங்களை மட்டும் குவித்து வைத்தால் வயதானவர்கள் உடனே கண்டுபிடித்து விடுவார்கள்.

பார்த்துப் பழகுவதற்கு இரண்டு இடங்களைச் சொல்வேன். கம்பளைக்கு அருகே பீக்கொக் தோட்டத்தில் உள்ள தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்தில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் ஒன்றையே அருங்காட்சியகமாக்கி, தொழிலாளர்களின் வீட்டுப் பொருட்களையும் தொழிற் கருவிகளையும் ஆவணங்களையும் வைத்திருக்கிறார்கள். கண்டி ஹந்தானையில், பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில் இயங்கும் தேயிலை அருங்காட்சியகத்தில் இயந்திரங்களைப் பார்க்கலாம். முதலாவது துரையின் பங்களாவுக்கு வெளியே இருந்த வாழ்க்கைக்கு உதவும், இரண்டாவது தொழிற்சாலைக்கு. இரண்டுக்கும் அளவுநாடாவையும் குறிப்புப் புத்தகத்தையும் கொண்டு செல்லுங்கள். கைப்பேசிப் படத்தில் அளவு வராது.

இனி மூலப்பொருட்கள். எங்களுக்கு முந்திய தலைமுறை மூங்கில், வர்ணத்தாள், கண்ணாடித் துண்டு, தேயிலைப் பெட்டியின் உட்புறத்திலிருந்து உரித்த பளபளப்பான ஈயத்தாள் இவற்றைக் கொண்டே காமன்கூத்து, அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய தோட்டத்துக் கூத்துகளுக்குக் கிரீடமும் தோளில் அணியும் புஜகீர்த்தியும் செய்தது. பலகைப் பெட்டிகள் போய்த் தாள் சாக்குகள் வந்த பின்னர் அந்த ஈயத்தாளும் போய்விட்டது. இப்போது கடைகளில் கிடைப்பவை ஈவீஏ ஃபோம் தாள், ரிஜிஃபோம் என்னும் வெள்ளை நுரைப்பலகை, பீவீசி குழாய், சூட்டுப் பசை ஆகியவை. இவற்றில் ரிஜிஃபோமைப் பற்றி மட்டும் எச்சரித்து வைக்கிறேன். டப்பா ஸ்பிரே, தின்னர், பெற்றோல், செருப்புக்கு ஒட்டும் பசை ஆகிய எல்லாமே அதைத் தின்றுவிடும். ஒரு கோயில் நாடகத்துக்கு மூன்று இரவுகள் செதுக்கிய நந்தியின் முகத்தில் நான் தங்க ஸ்பிரேயை அடித்தேன். ஐந்து நிமிடத்தில் நந்திக்கு அம்மை போட்டது. செதுக்கியதன் மேல் வெள்ளைப் பசையில் நனைத்த மெல்லிய தாளையோ வலைத்துணியையோ இரண்டு அடுக்கு ஒட்டி, முழுவதும் காய்ந்த பிறகே எண்ணெய் வர்ணம் அணுகலாம். சூட்டுக் கம்பியால் வெட்டும்போது வரும் புகை நல்லதல்ல. வாசலில் உட்கார்ந்து வெட்டுங்கள், அடைத்த காம்பராவுக்குள் வேண்டாம்.

தாள் கூழ்தான் இன்னும் மலிவானது, வலிமையானதும் கூட. ஆனால் மற்ற ஊர்க்காரர்கள் எழுதி வைத்திருக்கும் முறைகள் நம் குளிருக்குப் பொருந்தாது. அவர்கள் ஒரு நாளில் காயும் என்பார்கள். நுவரெலியாவில் ஆடி மாதத்தில் ஒரு வாரமானாலும் உள்ளே ஈரம் இருக்கும், அதற்குள் மாவுப் பசையில் பூஞ்சணம் பூத்துவிடும். மெல்லிய அடுக்காக ஒட்டி, ஒன்று காய்ந்த பின்னரே அடுத்ததை ஒட்ட வேண்டும். அடுப்படியில் விறகு அடுக்கும் பரணில் இரவில் வைத்துவிட்டால் மறுநாள் காய்ந்திருக்கும். பசையில் சிறிதளவு மயில்துத்தம் கலந்தால் பூஞ்சணமும் பூச்சியும் அண்டாது, ஆனால் அது நஞ்சு. முகமூடிக்கோ குழந்தைகள் தொடும் பொருளுக்கோ ஒருபோதும் போடக் கூடாது. காலநிலையைப் பற்றி இன்னொரு சிறு அனுகூலமும் உண்டு. தென்மேற்குப் பருவமழையில் ஹட்டன் பக்கம் நனைந்துகொண்டிருக்கும் அதே மாதங்களில் பதுளைப் பக்கம் கச்சான் காற்று வீசிக் காய்ந்து கிடக்கும். பெரிய கூழ் வேலை வந்தால் நான் அச்சுகளைக் கட்டிக்கொண்டு பண்டாரவளையிலுள்ள மச்சான் வீட்டுக்குப் போய்விடுவேன்.

உடையும் போத்தலும் கண்ணாடியும் செய்யப் பலர் கேட்பார்கள். சீனியும் குளுக்கோசுப் பாகும் தண்ணீரும் சேர்த்து, ஏறத்தாழ 150 பாகை செல்சியஸ் வரை காய்ச்சி அச்சில் ஊற்றுவதே வழி என்று எங்கும் எழுதியிருக்கும். அது கடற்கரைக் கணக்கு. நுவரெலியாவில் தண்ணீரே 94 பாகையளவில் கொதித்து விடுகின்றது; பாகும் அதே அளவு முந்திக்கொண்டு பதத்துக்கு வரும். வெப்பமானியைக் கொதிக்கும் தண்ணீரில் முதலில் வைத்து, 100க்கு எத்தனை பாகை குறைகிறது என்று பார்த்து, அதே அளவைப் பாகிலும் கழித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கண்ணாடிக்குப் பதிலாகக் கருகிய மிட்டாய் கிடைக்கும். அதைவிடப் பெரிய தொல்லை பனிமூட்டம். சீனிக் கண்ணாடி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். காலையில் கொண்டுபோய்ப் படப்பிடிப்பிடத்தில் மேசையில் வைத்த மூன்று போத்தல்கள், மதியம் காட்சி வரும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சாய்ந்திருந்தன. இப்போது காற்றுப் புகாத டப்பாவில், வறுத்த அரிசியைத் துணியில் கட்டி உள்ளே போட்டுக் கொண்டு போகிறேன். கமரா தயார் என்று சொன்ன பின்னரே திறப்பேன்.

கத்தி, கல், தடி போன்றவற்றுக்கு இரப்பர் வார்ப்பு நல்லது, இதில் நமக்கு ஒரு வசதியும் உண்டு. யட்டியாந்தோட்டை, கேகாலைப் பக்கத்து இரப்பர் தோட்டங்களிலிருந்து பாலை நேரடியாகவே வாங்கலாம். அமோனியா கலந்து வாங்குங்கள், இல்லாவிட்டால் வழியிலேயே உறைந்துவிடும். தேயிலைச் செடியை வெட்டும் உண்மையான கவ்வாத்துக் கத்தியைக் களிமண்ணில் பதித்து, பிளாஸ்டர் ஒஃப் பாரிசில் இரண்டு பாதி அச்சு எடுத்து, நன்றாக உலர்ந்த அச்சில் பாலை நிரப்பி வைத்தால் பிளாஸ்டர் நீரை உறிஞ்சிச் சுவரோடு ஒரு தோல் படியும். மீதியை வடித்துவிட்டு, காய்ந்த பின் உள்ளே பஞ்சும் ஒரு மெல்லிய மூங்கில் குச்சியும் வைக்கலாம். அச்சில் எண்ணெயோ வர்ணமோ பூசிவிட்டால் நீரை உறிஞ்சாது, தோலும் படியாது. புதியவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது செய்யும் தவறு இது.

பழமையாக்குவதற்குத் தேயிலையை விடச் சிறந்த பொருளை நான் கண்டதில்லை. கடிதம், பிறப்புச் சாட்சிப் பத்திரம், தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலின் பக்கம் எதுவானாலும் கடுஞ்சாயத்தில் தோய்த்துக் காயவைத்தால் ஐம்பது வருடம் கூடிவிடும். முதலில் மடித்துக் கசக்கிவிட்டுப் பிறகு தோயுங்கள். மடிப்புகள் கூடுதலாகக் குடித்துக் கறுப்பாகும், உண்மையிலும் அப்படித்தான். எழுத்தை லேசர் அச்சிலோ போட்டோப் பிரதியிலோ எடுக்க வேண்டும், மசி தெளிக்கும் அச்சுப்பொறியில் எடுத்தால் சாயத்தில் கரைந்து ஓடும். பலகைக்கு இன்னொரு வித்தை: இரும்பு ஆணிகளையோ பாத்திரம் தேய்க்கும் இரும்புப் பஞ்சையோ வினாகிரியில் சில நாட்கள் ஊறவைத்து வடித்துக்கொள்ளுங்கள், மூடியை இறுக்க வேண்டாம், உள்ளே வாயு உண்டாகும். புதுப் பலகையில் முதலில் கடுஞ்சாயத்தைப் பூசிக் காயவிட்டு, அதன் மேல் இந்த இரும்பு நீரைப் பூசினால், தேயிலையிலுள்ள துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து நம் கண் முன்னாலேயே பலகை சாம்பலாகி, பின்னர் கறுக்கும். லயத்து இஸ்தோப்பின் (முன் திண்ணையின்) பழைய பலகைக்கும் இதற்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. தேயிலை நமக்குக் குடிக்கவும் உதவுகிறது; பங்களாக் காட்சியில் துரையின் கிளாசில் இருக்கும் விஸ்கி எப்போதும் நம்முடைய பிளேன்டீதான், கொஞ்சம் தண்ணீர் கூட்டினால் சாராயம்.

மேடையிலிருந்து கமராவுக்கு மாறும்போது இரண்டு விடயங்கள் புதிதாக இருக்கும். ஒன்று சத்தம். மேடையில் சரசரக்கும் தாள் நல்லது. படப்பிடிப்பில் ஒலிப்பதிவாளர் உங்களைத் திட்டுவார். தாளில் சிறிது நீரைத் தெளித்து மென்மையாக்கிவிட வேண்டும், தட்டுகளுக்கு அடியில் துணியை ஒட்ட வேண்டும், கைவளையல் கூட நம் பிரச்சினைதான். மற்றது எண்ணிக்கை. கடிதத்தைக் கிழிக்கும் காட்சி ஒன்று என்றால் பிரதியில் ஒரு கடிதம்தான் இருக்கும். உங்கள் பையில் குறைந்தது எட்டு இருக்க வேண்டும், எட்டிலும் மடிப்பும் கறையும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். ரொட்டி சாப்பிடும் காட்சிக்கு நடிகர் எத்தனை வாய் கடிக்கிறார் என்று நெறியாளரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். ஒருமுறை அறுபது ரொட்டி சுட்டுக் கொடுத்துவிட்டு மாலையில் குழு முழுவதும் அதையே சாப்பிட்டோம். ஒவ்வொரு காட்சியும் முடிந்தவுடன் பொருள் எங்கே, எந்தப் பக்கம் திரும்பி, எவ்வளவு நிரம்பியிருந்தது என்று படம் எடுத்து வையுங்கள், அடுத்த காட்சி மூன்று வாரம் கழித்து எடுக்கப்படலாம்.

துப்பாக்கி, பணத்தாள் இரண்டிலும் விளையாட்டுக் கிடையாது. மரத்தில் செய்த துப்பாக்கியாக இருந்தாலும் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது துப்பாக்கிதான். நம் நாட்டின் கடந்த காலத்தில் அதற்கு என்ன பொருள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பிரதேசத்துப் பொலிஸ் நிலையத்துக்குத் தயாரிப்புக் குழு எழுத்தில் அறிவித்து, அதன் பிரதி உங்கள் பையில் இருந்தால் மட்டுமே வெளியில் எடுங்கள்; பேருந்தில் கொண்டு போக வேண்டாம். உண்மையான ஆயுதத்தைக் காட்சிக்கு எடுத்து வந்து “குண்டு இல்லை” என்று எவர் சொன்னாலும் ஏற்காதீர்கள். 2021 ஒக்டோபரில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் நடந்த படப்பிடிப்பொன்றில், வெறுமையானது என்று கையளிக்கப்பட்ட துப்பாக்கியில் இருந்த உண்மையான தோட்டாவால் ஒளிப்பதிவாளர் உயிரிழந்தார். அவர்களிடம் ஆயுதங்களுக்கென்றே தனிப் பொறுப்பாளர் இருந்தார். நம் குழுக்களில் அதற்கென்று ஆள் வைப்பதில்லை. பணத்தாளை அச்சிடுவதென்றால் ஒரு பக்கம் மட்டும், அளவையும் நிறத்தையும் மாற்றி, படப்பிடிப்பு முடிந்ததும் எண்ணிப் பார்த்து எரித்துவிடுங்கள். அதைவிடச் சிறந்தது, கட்டின் மேலும் கீழும் உண்மைத் தாள் ஒன்றை வைத்து நடுவில் வெற்றுத்தாளைச் செருகுவது.

பணம் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் பதில் முழுமையாகாது. மூலப்பொருள் செலவு, கைக்கூலி, போக்குவரத்து மூன்றையும் தனித்தனியாக எழுதிக் கொடுங்கள்; ஒரே தொகையாகச் சொன்னால் பேரம் பேசும்போது வெட்டப்படுவது எப்போதும் உங்கள் கூலியாகத்தான் இருக்கும். பாதித் தொகை கையில் வராமல் பொருள் வாங்கக் கடைக்குப் போகாதீர்கள். பொருள் விற்பனைக்கா வாடகைக்கா என்பதையும் எழுத்தில் வையுங்கள். ஒரு தயாரிப்புக் குழு என்னிடமிருந்து பதினொரு பழைய பித்தளைப் பொருட்களை ஒரு வாரத்துக்கென்று எடுத்துச் சென்றது. அவற்றுள் என் அப்பாயியின் செம்பும் குத்துவிளக்கும் இருந்தன. அடுத்த வருடம் அந்தச் செம்பை வேறொரு நாடகத்தில் தொலைக்காட்சியில்தான் பார்த்தேன். அன்றிலிருந்து எல்லாப் பொருளின் அடியிலும் ஆணியால் என் அடையாளத்தைக் கீறி வைக்கிறேன், அயலார் பொருளை இரவல் வாங்கிக் கொடுப்பதையும் விட்டுவிட்டேன்.

கொழும்புக்குப் போக வேண்டுமா என்ற கேள்விக்கு வருகிறேன். ஒரு வருடம், முடிந்தால் இரண்டு வருடம், போய் ஏதாவதொரு கலைப் பிரிவில் உதவியாளராக நில்லுங்கள். அங்கே கற்க வேண்டியது செய்யும் விதத்தை அல்ல, வேலை ஓடும் விதத்தை: யார் யாரிடம் கேட்பது, பிரதியைப் பிரித்துப் பொருட்பட்டியல் எடுப்பது எப்படி, எந்த நாளில் எது வேண்டும் என்று முன்கூட்டியே எப்படி அறிவது. கூடவே சிங்களத்தில் பேசப் பழகிக்கொள்ளுங்கள், படப்பிடிப்பிடத்தின் மொழி பெரும்பாலும் அதுதான். கற்கையாகத் தொடர விரும்பினால் யாழ்ப்பாணத்திலும், மட்டக்களப்பிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் நாடகமும் அரங்கியலும் உண்டு. பிறகு திரும்பி வந்துவிடலாம். வெளிநாட்டாரும் உள்நாட்டாரும் படமெடுக்க மலைக்குத்தான் வருகிறார்கள். 1957இல் வெளிவந்த ஆங்கிலப் படம் ஒன்றுக்காகக் கித்துல்கலவில் களனி கங்கையின் குறுக்கே உண்மையான மரப் பாலத்தையே கட்டி வெடிவைத்துத் தகர்த்தார்கள். நமக்கு அப்படிப் பணம் தர எவரும் வரப் போவதில்லை, ஆனால் இங்கே வந்திறங்கும் குழுவுக்கு நாளைக் காலை ஆறு மணிக்கு ஒரு குப்பி விளக்கும், கொழுந்து மட்டம் பார்க்கும் மட்டக்கம்பும், இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கும் வேண்டுமென்றால், அவர்கள் கொழும்புக்குத் தொலைபேசி எடுக்க மாட்டார்கள்.

அதுவரைக்கும், மாசியில் உங்கள் பக்கத்துத் தோட்டம் எதிலாவது காமன்கூத்து ஆடினால் போய், ஆட்டம் தொடங்கும் முன் ஒப்பனை நடக்கும் இடத்தில் உட்கார்ந்திருங்கள். கிரீடத்தில் ஒட்டியிருக்கும் தாளையும் கண்ணாடியையும் எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் அதைத் தலையோடு சேர்த்துக் கட்டும் முடிச்சைக் கவனியுங்கள். விடிய விடியக் குதித்து ஆடியும் அசையாமல், ஆட்டம் முடிந்ததும் ஒரே இழுப்பில் அவிழும் அந்த முடிச்சை, எத்தனை பேரிடம் கேட்டும் நான் இன்னும் சரியாகப் போடப் பழகவில்லை.